குரு மந்திரம் ஏன் ரகசியம்? கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் ஒரு பழைய பதில்!

யூடியூபில் 'மந்திரம்' என்று தேடிப் பாருங்கள். காயத்ரி முதல் பஞ்சாட்சரம் வரை, 108 முறை, 1008 முறை என்று மணிக்கணக்கில் ஓடும் வீடியோக்கள் வந்து நிற்கும். எல்லாமே இலவசம். அதே போனில் கொஞ்சம் கீழே போனால் இன்னொரு விளம்பரம் வரும்: 'ஆன்லைனில் குரு மந்திர தீட்சை, கட்டணம் இவ்வளவு, மந்திரத்தை யாரிடமும் சொல்லக் கூடாது.'

வார்த்தைகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும்போது, குரு என்பவர் புதிதாக எதைக் கொடுக்கிறார்? காதில் ரகசியமாகச் சொன்னால்தான் மந்திரம் வேலை செய்யுமா? யோக மரபில் மந்திரத்துக்கும் ஜபத்துக்கும் உண்மையில் என்ன இடம்?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட இமயமலை வரை போக வேண்டாம். கள்ளக்குறிச்சி மாவட்டம் போதும்.

திருக்கோவிலூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவானது கள்ளக்குறிச்சி மாவட்டம். மேற்கே கல்வராயன் மலை. அருவி பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். மாவட்டத்தின் இன்னொரு முனையில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது திருக்கோவிலூர்.

சைவர்களுக்கு இது அட்ட வீரட்டானத் தலங்களில் ஒன்று. வைணவர்களுக்கு 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய முதல் மூவரும் ஒரு மழை இரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்கிற அளவுள்ள இடைகழியில் சந்தித்ததாகச் சொல்லப்படும் ஊரும் இதுதான்.

நம் விஷயத்துக்கு முக்கியமான ஆள் ஔவையார். கீழையூர் வீரட்டேஸ்வரர் கோயிலில் இருக்கும் பெரிய யானை கணபதி சன்னிதியில்தான் அவர் 'விநாயகர் அகவல்' பாடினார் என்பது மரபு. சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குக் கிளம்பிவிட்டார்கள். பூஜையில் இருந்த ஔவை அவசரப்பட்டார். "நிதானமாக முடி" என்று சொன்ன பிள்ளையார், பாட்டு முடிந்ததும் தும்பிக்கையால் தூக்கி, அவர்களுக்கு முன்பே கயிலையில் இறக்கிவிட்டார் என்பது கதை. இவர் சங்க கால ஔவையார் அல்ல, பிற்காலத்தவர் என்பது அறிஞர்களின் கருத்து.

கதையை ஒரு பக்கம் வைத்துவிடலாம். சதுர்த்தி அன்று வீட்டில் பாட்டி படிக்கும் அந்த 72 அடிப் பாட்டு, உள்ளுக்குள் ஒரு யோகப் பாடம். ஒரு குரு சீடருக்கு என்னென்ன சொல்லிக்கொடுத்தார் என்பதன் பட்டியல் என்றே சொல்லலாம்.

விநாயகர் அகவலில் குரு என்ன செய்கிறார்?

முதல் சில அடிகளில் பிள்ளையாரின் உருவ வர்ணனை. அதற்குப் பிறகு பாட்டு திசை மாறுகிறது. தாயாக வந்தவர் ஐந்தெழுத்தோடு மனதுக்குள் புகுந்து குரு வடிவம் எடுக்கிறார். திகட்டாத உபதேசத்தைக் காதில் ஊட்டுகிறார். அதற்குப் பின் வரிசையாகப் பாடம் நடக்கிறது:

• ஐந்து புலன்களை அடக்கும் வழி

• மூலாதாரத்தில் இருக்கும் கனலை மூச்சால் எழுப்பும் முறை

• இடைகலை, பிங்கலை, சுழுமுனை ஆகிய நாடிகளின் விவரம்

• குண்டலியோடு சேர்ந்த 'அசபை' மந்திரம்

• கடைசியில் சொல்லும் மனமும் அடங்கிய ஒரு நிலை

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஐந்தெழுத்து ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. அது எல்லோருக்கும் தெரிந்த எழுத்துதான். ஆனால் பாட்டு அங்கே முடிவதில்லை. புலன், மூச்சு, உடல், மனம் என்று ஒவ்வொன்றையும் எப்படிக் கையாள்வது என்று குரு காட்டிக்கொண்டே போகிறார். குரு கொடுப்பது ஒரு சொல் மட்டும் அல்ல, அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற வழி. அகவல் சொல்லும் பதில் இதுதான்.

மந்திரம் என்றால் என்ன?

தமிழில் இதற்கு இலக்கணமே இருக்கிறது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் மந்திரத்தைப் பற்றிப் பேசுகிறது. சொன்ன சொல் பொய்க்காத பெரியவர்கள், ஆணையாகச் சொல்லும், பொருள் மறைந்திருக்கும் சொல் என்பது அதன் சாரம். அதாவது, என்ன சொல் என்பதைவிட யார் வாயிலிருந்து வருகிறது என்பது தமிழ் மரபில் முக்கியம். வடமொழியில் 'நினைப்பவரைக் காப்பது' என்று விளக்கம் சொல்வார்கள்.

மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது ஜபம். இதில் மூன்று வகை. பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி சொல்வது வாசிகம். உதடு மட்டும் அசைவது உபாம்சு. உதடும் அசையாமல் மனதுக்குள் ஓடுவது மானசம். மூன்றில் மானசமே உயர்ந்தது என்கின்றன பழைய நூல்கள். சத்தம் குறையக் குறைய பயிற்சி ஆழமாகிறது என்பது அதன் கணக்கு. ஸ்பீக்கர் வைத்துச் சொன்னால் பலன் அதிகம் என்று எந்த யோக நூலும் சொல்லவில்லை!

யோக நூல்கள் என்ன சொல்கின்றன?

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் மந்திரம் பற்றிய பகுதி மிகச் சின்னது. ஈசுவரனைக் குறிக்கும் சொல் பிரணவம், அதாவது ஓம். அதை ஜபிக்க வேண்டும், அதன் பொருளை மனதில் நிறுத்த வேண்டும். முதல் பாதத்தின் 27, 28-வது சூத்திரங்கள் சொல்வது இவ்வளவுதான். வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, பொருளும் கூட வர வேண்டும் என்பது இங்கே நிபந்தனை.

திருமூலரின் திருமந்திரம் 3,000-க்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்டது. ஒன்பது தந்திரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகம். நான்காம் தந்திரம் மந்திரங்களையும் சக்கரங்களையும் பற்றியது. அதன் முதல் தலைப்பே 'அசபை'. ஔவை சொன்ன அதே சொல்.

அசபை என்றால்?

'ஜபிக்காத ஜபம்' என்று பொருள். நாம் சொல்லாமலே உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும் மந்திரம். மூச்சு உள்ளே போகும்போது ஒரு ஒலி, வெளியே வரும்போது ஒரு ஒலி. அதை 'ஹம்ச' என்றும் 'சோஹம்' என்றும் சொல்வார்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மனிதன் 21,600 முறை மூச்சு விடுகிறான் என்கின்றன யோக நூல்கள். இது எப்படி வந்தது? ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். 21,600-ஐ 1,440-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 15. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு என்று இன்றைய மருத்துவம் சொல்லும் அளவுக்குள்தான் இந்தக் கணக்கும் வருகிறது.

அசபையில் பயிற்சி என்பது புதிதாக எதையும் சொல்வது இல்லை. ஏற்கெனவே ஓடுகிற மூச்சைக் கவனிப்பது. இப்படி ஒரு மந்திரத்தை ரகசியமாக வைக்கவே முடியாது, எல்லார் மூக்கிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. கவனிக்கப் பழகுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அப்படியானால் ஏன் ரகசியம்?

மரபு இதற்குச் சொல்லும் காரணங்கள் சில. சீடன் தயாரா என்று பார்த்துத்தான் பாடம் சொல்ல வேண்டும். வெளியே பேசினால் பெருமை பேசத் தோன்றும், பயிற்சி நின்றுபோகும். ஒருவருக்குச் சொன்ன முறை இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகலாம். சைவ சித்தாந்தத்தில் சமய தீட்சை, விசேஷ தீட்சை, நிருவாண தீட்சை என்று படிப்படியாக வைத்திருப்பதும் இதனால்தான்.

ஆனால் இந்த ரகசியத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. யாருக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரு சிலர் கையில் இருந்தது. சாதி பார்த்துக் கதவு சாத்தப்பட்டது. உபநயனத்தில் சொல்லித்தரும் காயத்ரி மந்திரம் பெண்களுக்குக் கிடையாது என்றும், நான்காம் வருணத்தாருக்குக் கிடையாது என்றும் நூற்றாண்டுகளாக விதி இருந்தது. 'பக்குவம் இல்லை' என்ற ஒரே சொல்லில் பெரும்பாலான மக்களை வெளியே நிறுத்த முடிந்தது.

இதை உடைத்த கதையும் தமிழ்நாட்டில்தான் நடந்தது. சிவகங்கை மாவட்டம் திருக்கோஷ்டியூரில் நம்பி என்ற ஆசாரியரிடம் உபதேசம் பெற ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து 18 முறை நடந்தார் என்கின்றன குருபரம்பரை நூல்கள். வெளியே சொன்னால் நரகம் என்ற எச்சரிக்கையோடு உபதேசம் கிடைத்தது. 'நான் ஒருவன் நரகம் போனாலும் பரவாயில்லை, இத்தனை பேர் பிழைப்பார்களே' என்று அவர் ஊராரைக் கூட்டி அதைச் சொல்லிவிட்டார். சொன்னது எட்டெழுத்து மந்திரமா, சரம சுலோகத்தின் பொருளா என்பதில் நூல்களுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் நம்பி கோபப்பட்டு, பின் மனம் மாறி ராமானுஜரைத் தழுவிக்கொண்டார் என்பதில் வேறுபாடு இல்லை.

ஔவையையும் இந்த இடத்தில் நினைக்க வேண்டும். காதில் கிடைத்த உபதேசத்தை ஒரு பெண், எல்லோரும் பாடக்கூடிய தமிழ்ப் பாட்டாக ஆக்கிவிட்டார். இன்று அதைப் படிக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

ரமணர் சொன்ன பதில் என்ன?

திருக்கோவிலூருக்கு இன்னொரு தொடர்பும் இருக்கிறது. 1896 ஆகஸ்ட் இறுதியில் 16 வயதுப் பையன் ஒருவன் மதுரையில் வீட்டைவிட்டுக் கிளம்பினான். பெயர் வெங்கடராமன். கையில் காசு தீர்ந்ததால் மாம்பழப்பட்டில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தான். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள அறையணிநல்லூர் கோயிலில் உட்கார்ந்தான். பின் கீழையூர் வீரட்டேஸ்வரர் கோயிலுக்கு வந்தான். ஆம், ஔவை அகவல் பாடியதாகச் சொல்லும் அதே கோயில். அங்கே கோயில் மேளக்காரர் தன் பங்குச் சோற்றைக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்து ரயில் ஏறினான். செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. அவர்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி.

ரமணருக்கு மனித வடிவில் குரு கிடையாது. காதில் மந்திரம் சொல்லும் தீட்சை முறையையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. 1907 நவம்பர் 18 அன்று காவ்யகண்ட கணபதி முனி அவரிடம் வந்தார். பல ஆண்டுகள் மந்திர ஜபம் செய்த பெரிய பண்டிதர். 'இவ்வளவு செய்தும் தவம் என்றால் என்னவென்று பிடிபடவில்லை' என்பது அவர் குறை.

ரமணர் கொடுத்த பதில் இரண்டு பகுதி கொண்டது. 'நான்' என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே அடங்கும், அது தவம். மந்திரம் ஜபித்தால், அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று கவனித்தால் மனம் அங்கே அடங்கும், அதுவும் தவம்.

அவர் புதிய மந்திரம் எதுவும் கொடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த மந்திரத்தையே எப்படிச் சொல்வது என்று மட்டும் காட்டினார். 'பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி' என்ற பெயரை அவருக்குச் சூட்டியவர் இந்த கணபதி முனிதான்.

தபோவனத்தில் கூட்டமாகப் பாடுவது ஏன்?

திருக்கோவிலூரை ஒட்டி ஞானானந்த தபோவனம் இருக்கிறது. 1974 ஜனவரியில் மறைந்த ஞானானந்த கிரி சுவாமிகளின் ஆசிரமம். பிரெஞ்சு பெனடிக்டைன் துறவியான ஹென்றி லெ சோ, அதாவது அபிஷிக்தானந்தா, 1955 இறுதியில் இங்கே வந்து சுவாமிகளைச் சந்தித்தார். குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர். குரு என்றால் என்ன என்று அந்தச் சந்திப்பில்தான் புரிந்தது என்கிற அளவுக்கு அது அவரைப் பாதித்தது. பிறகு அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

சுவாமிகளின் சீடர் ஹரிதாஸ் கிரி, நாமசங்கீர்த்தனத்தை ஊர் ஊராகக் கொண்டுபோனவர். கூட்டமாக உட்கார்ந்து, தாளத்தோடு, இறைவன் பெயரைப் பாடுவது. இதில் ரகசியமே கிடையாது. ஒருவர் சொல்ல, மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டியதுதான். தனியாக உட்கார்ந்து ஜபம் செய்ய முடியாதவர்களுக்கும் இது எட்டும். காதில் சொல்லும் மந்திரமும், கூட்டத்தில் பாடும் நாமமும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்பதற்கு இந்த ஆசிரமம் ஒரு சாட்சி.

மந்திரமே மையமாக இல்லாத யோக வழியும் தமிழ்நாட்டில் உண்டு. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் குண்டலினி தவத்துக்குத் தீட்சை உண்டு. ஆனால் அது புருவ மத்தியில் தொட்டுக் கவனத்தை நிறுத்தச் செய்வது, காதில் மந்திரம் சொல்வது அல்ல.

அறிவியல் என்ன சொல்கிறது?

2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு ஆய்வு வெளியானது. இத்தாலியில் 23 ஆரோக்கியமானவர்களை வைத்துச் செய்தது. சிலநேரம் லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்லச் சொன்னார்கள், சிலநேரம் 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்லச் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்குச் சுமார் 6 முறை என்று குறைந்தது. ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயலும் மேம்பட்டது.

அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970-களில் தியானம் செய்பவர்களைச் சோதித்தார். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால், குறுக்கே வரும் எண்ணங்களை விட்டுவிட்டால், உடல் தளர்ந்து அமைதியாகிறது என்றார். எந்தச் சொல்லாக இருந்தாலும் சரி என்பது அவர் முடிவு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? உடம்புக்குக் கிடைக்கும் அமைதிக்கு ரகசிய மந்திரம் தேவையில்லை. மெதுவான மூச்சும், திரும்பத் திரும்பச் சொல்வதும், தொடர்ச்சியும் போதும். அதே நேரம், இவை சின்ன ஆய்வுகள். 'மந்திரம் நோயைக் குணமாக்கும்' என்று இவை சொல்லவில்லை. பக்தர் ஒருவருக்குத் தன் மந்திரத்தின் மேல் இருக்கும் பிடிப்பை இந்தக் கருவிகளால் அளக்கவும் முடியாது.

காசு கேட்டால் என்ன செய்வது?

கட்டணம் வாங்கி மந்திரம் சொல்லித்தரும் முறை உலகம் முழுக்கப் பரவியது மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தோடு. 1968-ல் பீட்டில்ஸ் குழு ரிஷிகேஷ் வந்தது இதற்காகத்தான். அமெரிக்காவின் நியூஜெர்சியில் இதைப் பள்ளிப் பாடமாக வைத்தபோது வழக்கு வந்தது. இது மதப் பயிற்சி, அரசுப் பள்ளியில் நடத்தக் கூடாது என்று 1977-ல் வந்த தீர்ப்பை 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

வகுப்பு நடத்துபவர் கட்டணம் வாங்குவதே தவறு என்று சொல்ல முடியாது. இடம், நேரம், உழைப்பு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ஆனால் போனில் வரும் விளம்பரத்தை நம்புவதற்கு முன் சிலவற்றைக் கவனிக்கலாம்:

• நோய் தீரும் என்று சொல்கிறார்களா? 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் விளம்பரத் தடைச் சட்டத்தில் 'மாயத் தீர்வு' என்பதன் விளக்கத்திலேயே மந்திரமும் தாயத்தும் இருக்கின்றன. சட்டம் பட்டியலிட்ட நோய்களுக்கு மந்திரத்தால் குணம் என்று விளம்பரம் செய்வது குற்றம். சாப்பிடும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

• பயமுறுத்துகிறார்களா? 'நிறுத்தினால் குடும்பத்துக்கு ஆகாது', 'அடுத்த கட்டத்துக்கு இன்னும் பணம் கட்டணும்' என்பது பாடம் அல்ல, மிரட்டல்.

• மந்திரம் ரகசியமா, நடப்பது எல்லாமே ரகசியமா? மந்திரத்தை வெளியே சொல்லாமல் இருப்பது மரபு. கொடுத்த பணத்தையும், தனியறையில் நடந்ததையும் வீட்டில் சொல்லக் கூடாது என்பது எந்த மரபிலும் இல்லை.

• சந்தேகம் கேட்டால் பதில் சொல்வாரா? மூச்சை அடக்கும் பயிற்சியில் தலைசுற்றல், படபடப்பு வந்தால் யாரிடம் கேட்பது? இதய நோய், வலிப்பு, மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யலாம். வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஏமாற்றுபவருக்கு வசதி.

சுருக்கமாகச் சொன்னால்...

குரு மந்திரத்தில் ரகசியம் எழுத்தில் இல்லை. ஐந்தெழுத்தும் எட்டெழுத்தும் கோயில் சுவரிலேயே எழுதியிருக்கிறது. ஔவையின் பாட்டில் குரு காட்டுவது மூச்சையும் புலனையும் கையாளும் வழி. ரமணர் காட்டியது ஒலி எழும் இடம். தபோவனம் காட்டுவது கூடிப் பாடும் பழக்கம். மூன்றிலுமே சொல்லித்தருபவர் ஒரு வழியைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், நடக்க வேண்டியது கற்றுக்கொள்பவர்.

அடுத்த முறை கல்வராயன் மலைக்குக் கிளம்பினால், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு திருக்கோவிலூரையும் பார்த்துவிட்டு வாருங்கள். பெரிய யானை கணபதி முன்னால் யாராவது அகவல் படித்துக்கொண்டிருந்தால் நின்று கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.